முன்னே சென்ற பத்துப் பேர்

கி.பி. 1129ஆம் ஆண்டின் தொடக்கம். உரோமைக்குச் சென்று திரும்பிக்கொண்டிருந்த திருப்பயணியர் சிலர், ஆல்ப்ஸ் மலையின் தென்சரிவில் உள்ள சேன்-ரெமி என்னும் சிற்றூரில் முடங்கிக் கிடந்தனர். முன்னே கணவாய், பின்னே பனி மூடிய பாதை. அவர்களுள் ஒருவர், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள சந்த்-திரோன் மடத்தின் தலைவர் ருடால்ஃப். அவரது மடத்து வரலாற்றேட்டின் வழியாகவே அந்நாள்களின் நிகழ்ச்சி நமக்குத் தெரிய வருகிறது.

கணவாயைக் கடத்திவிடும் வழிகாட்டிகள் அவ்வூரில் இருந்தனர். பெருந்தொகை தருவதாகப் பயணியர் வாக்களித்தனர். வழிகாட்டிகள் இசைந்தனர். தலையில் கம்பளித் தொப்பி, கையில் முரட்டு உறை, வழுக்காதிருக்க ஆணி அறைந்த காலணி, பனிக்கடியில் பாதையைக் குத்திப் பார்க்க நீண்ட கோல் ஆகியவற்றோடு அவர்கள் முன்னே புறப்பட்டனர். அவர்கள் மிதித்துத் திறக்கும் பாதையில் பயணியர் பின்னே செல்வது என்பது ஏற்பாடு. அதுவரை பயணியர் கோவிலுக்குள் சென்று செபித்துக்கொண்டிருந்தனர். அப்போது ஊரில் அழுகுரல் எழுந்தது. மலையிலிருந்து இறங்கிய பனித்திரள் வழிகாட்டிகள் பத்துப் பேரை வாரிக்கொண்டு போயிருந்தது. சிலர் பிணமாகவும், சிலர் எலும்பு முறிந்து குற்றுயிராகவும் தோண்டியெடுக்கப்பட்டனர். பயணியர் அஞ்சிக் கீழே உள்ள எத்ரூபிள் என்னும் ஊருக்குத் திரும்பினர். சில நாள் கழித்தே மீண்டும் முயன்று கணவாயைக் கடந்தனர்.

நெடுநாள் முன்பு இதைப் படித்தோம். அந்தக் கோவில் காட்சி இன்னும் நம் மனத்தை விட்டு அகலவில்லை. உள்ளே இருந்தவர்கள் செய்தது தவறு என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவர்கள் செபித்தார்கள், வாக்களித்த கூலியையும் கொடுத்திருப்பார்கள். ஆனாலும் அவசரம் அவர்களுடையது. பனியில் முதலில் கால் வைத்தவர்கள் வேறு. பனிச்சரிவுகளின் வரலாற்றைப் புரட்டும்போதெல்லாம் இந்த வேறுபாடு நம் கண்ணில் படுகிறது.

அந்தக் கணவாயின் பெயர் பெரிய புனித பெர்நார்து. உயரம் ஏறத்தாழ 2,470 மீட்டர். ஆவோஸ்தா மறைமாவட்டத்தின் தலைமைத் திருத்தொண்டராக இருந்த பெர்நார்து 1050ஆம் ஆண்டையொட்டி அங்கே வழிப்போக்கருக்கென ஒரு விடுதியை நிறுவினார். புனித அகுஸ்தினாரின் ஒழுங்கைப் பின்பற்றும் துறவியர் இன்றும் அதை நடத்துகின்றனர். பிற்காலத்தில் அங்கே வளர்க்கப்பட்ட நாயை நாம் அனைவரும் அறிவோம். கழுத்தில் சிறு மதுப்பீப்பாயோடு நிற்கும் அந்தப் பெரிய நாயின் படம் நம் ஊர் நாட்காட்டிகளில்கூட வந்ததுண்டு. பீப்பாய் என்னவோ ஓவியரின் கற்பனைதான். 1820ஆம் ஆண்டில் லாண்ட்சியர் என்னும் ஆங்கிலேயர் வரைந்த படத்தால் பரவியது. நாய் மட்டும் மெய். பாரி என்னும் பெயர்கொண்ட நாய் நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் காத்தது என்பர். நாற்பத்தொன்றாவது ஆளே அதைக் கொன்றான் என்ற கதையும் உண்டு. அது பொய், பாரி முதுமையுற்று 1814இல் பேர்ன் நகரில் இறந்தது. கதை கட்டுவோருக்கு நன்றிகெட்டவன் ஒருவன் தேவைப்பட்டான் போலும்.

நாயைவிட நாம் கவனிக்க வேண்டியது துறவியரின் அன்றாடப் பழக்கத்தை. பயணியர் வந்து கதவைத் தட்டட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. குளிர்காலத்தில் துறவியரும் பணியாளரும் கணவாயின் இருபுறமும் இறங்கிச் சென்று வருவோரைத் தேடினர். எந்தச் சரிவு எப்போது விழும் என்பதை அவர்கள் ஏட்டில் கற்கவில்லை. காலாலும் காதாலும் கற்றனர். அப்படியும் அவர்களில் பலர் மாண்டனர். கண்டெடுத்த உடல்களைப் புதைக்க அந்தப் பாறைநிலத்தில் மண் இல்லாததால், விடுதியருகே ஒரு பிண அறை கட்டி அதில் வைத்தனர்.

காலும் காதும் அறிந்தது என்ன? பனியைப் பார்த்திராத நமக்கு இது எளிதில் விளங்குவதில்லை. பனிப்படிவு ஒரே பொருளன்று. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்கு. குளிர்காலத் தொடக்கத்தில் மெல்லிய பனி விழுந்து, பின்பு வானம் தெளிந்து கடுங்குளிர் நிலவினால், அந்த அடுக்கு இறுகும் என்றே நாம் எண்ணுவோம். நடப்பது நேர்மாறு. நிலத்தையொட்டிய பனி உறைநிலைக்கு அருகில் இருக்கிறது. மேற்பரப்போ அதைவிட மிகக் குளிர்ந்திருக்கிறது. இந்த வேறுபாட்டால் அடியிலிருந்து நீராவி பனியூடே மேலே செல்ல, நுண்ணிய பனித்துகள்கள் பருத்துக் கல்லுப்பைப் போல ஆகின்றன. கல்லுப்பைக் கையில் அள்ளினால் எப்படி ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிருமோ, அப்படியே அவையும் உதிரும். பிறகு புயல் வந்து அதன்மேல் கெட்டியான பனிப்பாளத்தைப் பரப்புகிறது. மேலிருந்து பார்ப்பவனுக்குத் தெரிவது வழுவழுப்பான, அழகிய மலைச்சரிவு மட்டுமே.

சரிவு 30 முதல் 45 பாகை வரை சாய்ந்திருந்தால் ஒரு மனிதனின் எடையே போதும். அடியில் உள்ள உப்படுக்கு நொறுங்குகிறது. அந்த முறிவு கண்ணிமைப்பதற்குள் பக்கவாட்டில் ஓடுகிறது. பாளம் முழுவதும் பெயர்ந்து இறங்குகிறது. ஆனால் பல வேளைகளில் பனி முன்கூட்டியே பேசிவிடுகிறது. சமதளத்தில் நடக்கையில் காலடியில் 'வும்' என்று ஆழ்ந்த ஒலி எழும். பனி சற்றே அமிழும். காலிலிருந்து விரிசல் கோடாக ஓடும். எதிர்ச்சரிவில் புதிதாக விழுந்த பனிச்சரிவின் தடம் தெரியும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் திரும்பிவிட வேண்டும் என்பது மலையோரின் வழக்கு.

கண்டு சொன்னவர்களும் உண்டு. முதல் உலகப் போரில், இத்தாலியின் மார்மொலாதா மலையில் ஆஸ்திரிய-அங்கேரியப் படையின் பாசறை ஒன்று செங்குத்தான பாறைகளுக்கடியில் இருந்தது. எதிரியின் குண்டு அங்கே எட்டாது, பனி எட்டும். அதன் தலைவர் ருடால்ஃப் ஷ்மித் அபாயத்தை உணர்ந்து, பாசறையை மாற்ற வேண்டுமென மேலிடத்துக்கு எழுதினார். அனுமதி கிடைக்கவில்லை. நாள்கணக்கில் கொட்டிய பனியின்மேல் திடீரென வெப்பம் ஏறியது. 1916 டிசம்பர் 13, விடியற்காலை. உறங்கிக்கொண்டிருந்த வீரர்களுள் ஏறத்தாழ 270 பேர் புதையுண்டனர். பார்வையின் பாதுகாவலியான புனித லூசியாவின் திருநாள் அது. கிழமை புதன், ஆயினும் வரலாற்றில் அந்நிகழ்ச்சிக்கு 'வெள்ளை வெள்ளி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. சேன்-ரெமியில் பயணியரின் அவசரம். இங்கே தளபதிகளின் பிடிவாதம். கீழே படுத்திருந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பனி நமக்குத் தொலைவானது என்று எண்ணுவோர், 2016 பிப்ரவரி 3ஐ நினைவுகூர்தல் நலம். சியாச்சின் பனியாற்றின்மீது ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில், மதராஸ் ரெஜிமெண்டின் காவல்நிலை ஒன்றைப் பெரும் பனித்திரள் மூடியது. மாண்ட பத்து வீரர்களுள் நால்வர் தமிழ்நாட்டினர். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகள். படையில் சேர்வதற்கு முன் பனியைக் கண்ணால் கண்டிருக்கமாட்டார்கள்.

அறிவியல் இத்துறைக்குத் தாமதமாகவே வந்தது. 1936இல் சுவிட்சர்லாந்தின் தாவோஸ் நகருக்கு மேலே உள்ள வைஸ்ஃப்ளூயோக் என்னுமிடத்தில் பனிக் குடிசை ஒன்றையே ஆய்வுக்கூடமாக்கி, பனித்துகள் உருமாறுவதைச் சிலர் ஆராயத் தொடங்கினர். துறவியரின் காது அறிந்ததற்கு அங்கே காரணம் கிடைத்தது. ஆனால் காரணம் தெரிந்தது உடனே உயிர்களைக் காத்துவிடவில்லை. 1950-51ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தில் 98 பேரும் ஆஸ்திரியாவில் 135 பேரும் பனிச்சரிவில் இறந்தனர். பலர் தம் வீட்டிலேயே. அதன்பின் ஊர்களுக்கு மேலே தடுப்பு வேலிகள் பெருகின, ஊர்களின் இழப்பும் பெரிதும் குறைந்தது. 1999இல் ஆஸ்திரியாவின் கால்தூர் பகுதியில் 38 பேர் மாண்டது, அந்தப் பாதுகாப்பும் முழுமையானதன்று என்பதைக் காட்டியது.

இன்று ஆல்ப்ஸில் இறப்போருள் பெரும்பாலோர் வேறு வகையினர். செப்பனிட்ட பாதையை விட்டு, காலில் சறுக்குக் கட்டைகளைப் பூட்டி, ஆளரவமற்ற மலைக்குத் தாமாகவே ஏறிச் செல்வோர் அவர்கள். அவர்களை எவரும் கூலி கொடுத்து அனுப்பவில்லை. எந்தத் தளபதியும் ஆணையிடவில்லை. பத்தில் ஒன்பது பேர் விடயத்தில், அவர்களைக் கொன்ற சரிவை இறக்கியது அவர்கள் காலோ உடன் வந்தவர் காலோதான். ஐந்து படிகள் கொண்ட அபாய அளவுகோலில் மிகுதியான சாவு நேர்வது நான்கிலோ ஐந்திலோ அன்று, மூன்றில். ஐந்து என்றால் எவரும் வீட்டை விட்டு நகரார். மூன்று என்றால், 'பார்த்துப் போகலாம்' என்று தோன்றும்.

இவர்களை வீண் துணிச்சல்காரர் என்று ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. பின்னாளில் திருத்தந்தை பதினோராம் பத்திநாதராக விளங்கிய அருள்திரு அக்கிலே ராத்தியும் மலையேறியவரே. 1889இல் அவர் மோந்தே ரோசாவின் கிழக்கு முகப்பில் ஏறினார். அவர் சென்ற வழியில் உள்ள பனிக்கால்வாய்க்கு மரினெல்லி என்று பெயர்; எட்டு ஆண்டுகளுக்கு முன் அங்கே பனிச்சரிவில் மாண்டவரின் பெயர். இராத்தியும் தோழர்களும் பாறை விளிம்பில் உறங்காமல் இரவைக் கழித்தனர். 1923இல் புனித பெர்நார்தை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தவரும் அவரே. மலைக்குச் செல்லாதீர் என்று சொல்லும் ஒருவரின் அறிவிப்பன்று அது.

பெர்நார்து கணவாய்க்குக் கீழே 1964 முதல் சுரங்கப்பாதை இயங்குகிறது. மேலே உள்ள சாலை குளிர்காலம் முழுவதும் மூடப்பட்டிருக்கும். ஆகவே அம்மாதங்களில் விடுதிக்கு வருவோர், சறுக்குக் கட்டையிலோ பனிநடைக் காலணியிலோ ஏறி வருவோரே. வடபுறப் பாதை கடக்கும் பள்ளத்தாக்குக்கு 'இறந்தோர் பள்ளம்' என்று பழம்பெயர். 2015 பிப்ரவரியில் இத்தாலியச் சறுக்கர் நால்வர் அந்தப் பள்ளத்திலேயே உயிரிழந்தனர். பெயர் வைத்தவர்கள் பன்னூறாண்டுகளுக்கு முன்பே எச்சரித்துவிட்டார்கள். நிலப்படத்திலும் அது அச்சாகியிருக்கிறது.

சுவிட்சர்லாந்தில் குளிர்காலம் முழுவதும் மாலை ஐந்து மணிக்குப் பனிச்சரிவு அறிக்கை வெளிவருகிறது. கருவிகள் பல தானே அளந்து அனுப்புகின்றன. இருந்தும் ஏறத்தாழ இருநூறு பேர், ஊர்க்காரரும் வழிகாட்டிகளும், தாம் கண்டதை எழுதி அனுப்பிக்கொண்டே இருக்கின்றனர். மலைக்குச் சென்று வந்த சறுக்கர்களும் அவர்களோடு சேர்ந்து எழுதுகின்றனர்: இந்தச் சரிவில் 'வும்' ஒலி கேட்டது, இந்த முகட்டருகே விரிசல் ஓடியது, தோண்டிப் பார்த்ததில் அடியில் உப்புப் போன்ற அடுக்கு இருந்தது, நாங்கள் திரும்பிவிட்டோம். அந்தக் கடைசி வரியை எழுதச் சிலர் கூச்சப்படுகின்றனர். சிகரத்துக்குப் போகாதவன் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்ற கூச்சம். மறுநாள் காலையில் அதே சரிவின் அடியில் நிற்கப்போகிறவனுக்கோ, படிக்க வேண்டியது அந்த வரிதான்.