வண்டூரில் ஒரு வனவாசம்

பெங்களூரில் இருக்கும் என் சகோதரியின் பிள்ளை சில மாதங்களுக்கு முன் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, நீங்கள் அந்தமானில் வேலை பார்த்தவர். வண்டூரில் அரை ஏக்கர் நிலம் வருகிறது. பெரிய பெரிய மரங்கள், கடலுக்கு நடந்தே போகலாம். ரிடையர் ஆனதும் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு போய்விடலாம் என்று இருக்கிறேன். பி.எஃப். பணம் வரப்போகிறது. அட்வான்ஸ் கொடுக்கலாமா?" என்றான்.

க்ருஹஸ்தாச்ரமம் முடிந்தபின் வானப்ரஸ்தம் என்று நம் பெரியோர் வகுத்தது நினைவுக்கு வந்தது. ஆனால் அக்காலத்தில் வனம் புகுந்தவர்கள் பத்திரம் பதிவு செய்துகொண்டு போகவில்லை! "அவசரப்படாதே, எழுதுகிறேன்" என்றேன். அவனுக்கு எழுதியதன் சாரம் பிற ஊர்களில் உள்ள நம் அங்கத்தினர்களுக்கும் பயன்படலாம் என்பதால் இங்கே தருகிறேன்.

முதலில் ஊர்ப் பெயர். வண்டூர், மஞ்சேரி, திரூர், காலிகட் என்று தெற்கு அந்தமானில் ஊர்கள் இருப்பதைப் பார்த்து, 1986-ல் டெபுடேஷனில் அங்கு போன நான் வியந்தேன். எல்லாம் மலபார் பெயர்கள். 1921-ல் நடந்த மாப்பிள்ளைக் கிளர்ச்சியில் தண்டிக்கப்பட்டவர்கள் அந்தமானுக்குக் கொண்டுவரப்பட்டனர். பிறகு அவர்களுடைய குடும்பங்களையும் வரவழைத்துக் குடியமர்த்த அரசு ஏற்பாடு செய்தது. காட்டை வெட்டித் திருத்திய இடங்களுக்கு அவர்கள் தங்கள் சொந்த ஊர்ப் பெயர்களையே வைத்தார்கள். ஆக, இந்த ஊரில் வீடு கட்டிய முன்னோடிகள் யாரும் விரும்பி வந்தவர்கள் அல்லர்.

விரும்பிக் காட்டு வீடு கட்டியவர்கள் வெள்ளைக்கார அதிகாரிகள். 1858-ல் கைதிகள் குடியிருப்பு தொடங்கிய பிறகு, போர்ட் பிளேர் துறைமுகத்துக்கு எதிரே உள்ள மவுண்ட் ஹாரியட் குன்றின்மேல் அவர்களுக்கு ஓய்வில்லம் அமைந்தது. பின்னாளில் அது சீஃப் கமிஷனரின் கோடைக்கால வாசஸ்தலமாயிற்று. 1872 பிப்ரவரி 8 அன்று வைஸ்ராய் மேயோ பிரபு, நோயாளிகள் தங்கும் ஆரோக்கிய இல்லத்துக்கு அந்த இடம் ஏற்றதா என்று பார்க்கவே மலையேறினார். அஸ்தமனத்தை ரசித்துவிட்டு இருட்டும் நேரத்தில் கீழே ஹோப் டவுன் படகுத்துறைக்கு வந்தபோது, ஷேர் அலி என்ற கைதியின் கத்திக்கு இரையானார். அந்தக் குன்றுக்கு 2021-ல் மவுண்ட் மணிப்பூர் என்று பெயர் மாற்றப்பட்டது. போர்ட் பிளேரும் 2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம்.

தேசப் பிரிவினைக்குப் பின் 1949 முதல் கிழக்கு வங்காள அகதிகள் தீவுகளில் குடியேற்றப்பட்டார்கள். குடும்பத்துக்குப் பத்து ஏக்கர்: நெல் பயிரிட ஐந்து ஏக்கர் சமவெளி, ஐந்து ஏக்கர் மேட்டு நிலம். நம் ஊர் மிராசு நிலம்போல வழிவழியாக வந்ததல்ல, நிபந்தனைகளோடு அரசு அளித்தது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல்தான் நான் ஏமாந்தேன்.

1987-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவியும் பஸ் பிடித்து வண்டூர் போனோம். போர்ட் பிளேரிலிருந்து 30 கிலோமீட்டருக்குள்தான். கரையோரம் வரை காடு, அதன் நிழலில் வெண்மணல். ஒரு தரகர் ஒரு குடியேறியின் நிலத்தைக் காட்டினார். கிழக்குப் பார்த்த வாசல், திண்ணை, துளசி மாடம் என்று அங்கேயே மனத்துக்குள் வீடு கட்டிவிட்டோம். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வாங்கிக்கொண்டு 12,000 ரூபாய் கொடுத்தேன். அன்றைய என் சம்பளத்தில் நான்கு மாதச் சேமிப்பு அல்ல, நான்கு வருடச் சேமிப்பு.

பிறகுதான் பட்வாரியிடம் வரைபடத்தைக் கேட்டேன். அந்தக் குடியேறியின் பெயரில் இருந்தது வயலும் சிறிது தோப்பும்தான். எங்களை மயக்கிய மரக்கூட்டம் எல்லைக்கு அப்பால் இருந்த அரசு வனம்! வயலில் வீடு கட்டுவதென்றால் நில உபயோகத்தை மாற்ற அனுமதி பெற வேண்டும். சயன்ஸ் படித்தவன், அரசுக் கோப்புகளைத் தினமும் பார்த்தவன், பணம் கொடுக்கும் முன் ஒரு வரைபடம் பார்க்கத் தோன்றவில்லை. ஆசை வந்தால் படிப்பு ஒதுங்கி நிற்கிறது. பாதிப் பணம் திரும்பி வந்தது. மீதியை என் மனைவி இன்றும் "வண்டூர் வரி" என்பாள்.

சட்டத்தின் அடிப்படை இதுதான். 1966-ம் வருடத்திய அந்தமான் நிக்கோபார் நில வருவாய் மற்றும் நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறையின்படி, தீவுகளின் நிலம் யாவும் அரசுக்கே உரியது. அரசு எழுதிக் கொடுத்த உரிமை எவ்வளவோ அவ்வளவுதான் தனி நபருக்கு. எத்தனை வருடம் அனுபவித்தாலும் அனுபவத்தால் மட்டும் உரிமை வந்துவிடாது. பழங்குடியினர் பகுதிகளில் வெளியார் நிலம் பெறுவதை 1956-ம் வருட ஒழுங்குமுறை தடுக்கிறது. நாம் "யாருமில்லாத காடு" என்று நினைப்பது ஜாரவாக்களுக்கும் மற்றவர்களுக்கும் ஆயிரமாயிரம் வருட வீடு என்பதை மறக்கக் கூடாது.

மேலும், 1980-ம் வருட வனப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 1983-ல் வண்டூரைத் தலைமையிடமாகக் கொண்டு சுமார் 281 சதுர கிலோமீட்டரில் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. ஜாலி பாய் தீவுக்குப் படகு அங்கிருந்துதான் புறப்படுகிறது. கடலோரக் கட்டடங்களுக்கு 1991-லும், பின்னர் தீவுகளுக்கென்றே 2011, 2019 வருடங்களிலும் அறிவிக்கைகள் வந்தன. தீவுகளில் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதையும் கடற்கரை மணல் எடுப்பதையும் 2002-ல் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. வீடு கட்ட அனுமதி கிடைத்தாலும் மணலுக்கு அலைய வேண்டும்.

சட்டத்தைவிடப் பெரிய வருவாய் அதிகாரி ஒருவர் உண்டு, அவர் பூமாதேவி. 2004 டிசம்பர் 26 அன்று ஏற்பட்ட 9.1 அளவிலான பூகம்பத்தில், சுமாத்ராவிலிருந்து அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு பூமித்தட்டு பிளந்தது. சுனாமி வந்தது எல்லோருக்கும் தெரியும், அது வந்தபின் வடிந்துவிட்டது. ஆனால் தெற்கு அந்தமானின் நிலமே ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்துவிட்டது. வடக்கு அந்தமானில் சில கரைகள் உயர்ந்தன. நிக்கோபாரில் இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் இறங்கியது. ஒரு மீட்டர் என்பது மலைக்கு ஒன்றுமில்லை, ஆனால் கரையோர வயலுக்கு அதுவே எல்லாம். சிப்பிகாட் வயல்களில் அன்று புகுந்த கடல் திரும்பிப் போகவில்லை.

2012-ல் நாங்கள் மறுபடி வண்டூர் போனோம். நிழல் தந்த மரங்கள் பல வேரோடு சாய்ந்து வெள்ளை எலும்புகள்போல மணலில் கிடந்தன. முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தது. நாங்கள் திண்ணை போட நினைத்த வயலில் உப்பு நீர் தேங்கி நின்றது. நான் இழந்தது பாதி முன்பணம். அந்த வயலை நம்பியிருந்த குடும்பம் இழந்தது ஜீவனத்தை. அன்று அவர்கள்மேல் எனக்கிருந்த கோபம் முழுவதும் கரைந்துவிட்டது.

ஆகவே மருமானுக்குச் சொன்னவை இவை. ஃபார்ம்-எஃப் என்று அங்கே வழங்கும் உரிமைப் பதிவேட்டு நகலைத் தாசில்தார் அலுவலகத்தில் நீயே விண்ணப்பித்து வாங்கு, தரகர் கொடுக்கும் நகலை நம்பாதே. நிலம் எந்த வகை, விற்க உரிமை உண்டா, வீடு கட்ட அனுமதி உண்டா என்று பார். சர்வேயரை வைத்து எல்லைக் கல்லைக் காட்டச் சொல், மரங்கள் கல்லுக்கு இப்பால் உள்ளனவா என்று பார். பௌர்ணமி, அமாவாசை நாட்களில் கடல் பொங்கும்போது எதுவரை வருகிறது என்று நின்று கவனி. குடிநீரையும் பக்கத்து ஆஸ்பத்திரியின் தூரத்தையும் விசாரி, எழுபது வயதில் அஸ்தமன அழகைவிட அது முக்கியம்.

இது அந்தமானுக்கு மட்டுமல்ல. ஏற்காடு, கொடைக்கானல் பக்கம் இடம் தேடும் அன்பர்களும் 1949-ம் வருட தனியார் வனப் பாதுகாப்புச் சட்டத்தையும், மலைப்பகுதி மரங்களுக்கான 1955-ம் வருடச் சட்டத்தையும் வக்கீலிடம் கேட்டுக்கொள்வது நலம். பட்டா உங்கள் பெயரில் இருந்தாலும் மரத்தை வெட்ட அனுமதி வேண்டியிருக்கும்.

மருமான் நேரில் போனான். ஃபார்ம்-எஃப் பற்றிக் கேட்டதும் தரகர் "அடுத்த வாரம்" என்றாராம். அடுத்த வாரம் வரவே இல்லை. பி.எஃப். பணம் பத்திரமாக இருக்கிறது. வருடத்துக்கு ஒரு மாதம் அங்கே வாடகை வீட்டில் தங்குவதாக இப்போது முடிவு செய்திருக்கிறான். கடலும் காடும் அதே கடலும் காடும்தானே. எங்களையும் கூப்பிட்டிருக்கிறான். "வரி கட்டியாகிவிட்டது, போய்விட்டு வரலாம்" என்கிறாள் என் மனைவி.