குவாரி பேங்க் பருத்தி ஆலை

குவாரி பேங்க் ஆலை இங்கிலாந்தின் செஷயர் பகுதியில், மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ஸ்டையல் கிராமத்தில் போலின் ஆற்றங்கரையில் அமைந்துள்ளது. சாமுவேல் கிரெக் 1784-இல் இந்த நூற்பாலையை நிறுவினார். தடுப்பணையில் தேக்கிய ஆற்றுநீர் கால்வாய் வழியே வந்து சக்கரத்தைச் சுழற்றியது. சுழல்தண்டுகளும் வார்ப்பட்டைகளும் அந்த விசையை ஒவ்வொரு தளத்து இயந்திரங்களுக்கும் கொண்டு சென்றன.

1939 முதல் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பொறுப்பில் உள்ள ஆலை இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. ஒருநாள் சுற்றுலாவாக வருவோர் பெரிய இரும்பு நீர்ச்சக்கரத்தையும் பழைய தறிகளையும் காணலாம்.

தவறாமல் பார்க்க வேண்டியது 1790-இல் கட்டப்பட்ட தொழில் பழகும் சிறுவர் இல்லம். ஏழைகள் விடுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறுவர் சிறுமியர் இங்கே தங்கி, நாள்தோறும் ஏறத்தாழ 12 மணி நேரம் ஆலையில் உழைத்தனர். உணவு, உடை, உறைவிடம் ஆகியவையே பெரும்பாலும் அவர்களின் கூலி. இயந்திரத்தில் விரலை இழந்த தாமஸ் பிரீஸ்ட்லி என்ற சிறுவன், தாயைப் பார்ப்பதற்காக 1806-இல் மற்றொரு சிறுவனுடன் லண்டனுக்குத் தப்பிச் சென்றான்.

ஆலைக்கு வந்த பஞ்சில் பெரும்பகுதி அமெரிக்கக் கண்டத்தில் அடிமைகள் விளைவித்தது. கிரெக் குடும்பத்துக்கு டொமினிக்காத் தீவில் அடிமைகள் உழைத்த தோட்டமும் இருந்தது. இங்கே நூல் மலிவாக உற்பத்தியானதற்கு ஆற்றுநீர் மட்டும் காரணமன்று. இவர்கள் அனைவரின் உழைப்பும் காரணமாகும்.