குடலில் தெரிந்த நோய், கழுத்தில் இருந்த காரணம்

பூனைகளின் தைராய்டு மிகைச்சுரப்பு ஒரு தனி நோயாக மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது 1979இல். அவ்வாண்டு நியூயார்க்கில் மார்க் பீட்டர்சனும் சக ஆய்வாளர்களும் அதனை விவரித்தனர். அடுத்த ஆண்டே பாஸ்டனிலிருந்து ஜீன் ஹால்ஸ்வொர்த் குழுவினர் பத்துப் பூனைகளின் நோய்க்குறிப்புகளை வெளியிட்டனர். மனிதரிடத்தில் இச்சுரப்புக் கோளாற்றின் ஒரு வகையை டப்ளின் மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் 1835இலேயே எழுதிவைத்திருந்தார். இடையிலுள்ள நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலத்தில் பூனைகளின் நிலை என்ன என்பது வரலாற்றுக்குரிய வினா.

விடையின் ஒரு பகுதி குடலில் இருக்கிறது. தைராய்டு ஹார்மோன் மிகும்போது உடலின் ஆற்றல் செலவு கூடுகிறது, பசியும் பெருகுகிறது. குடல் அசைவு விரைவடைவதால் உணவு முழுமையாக உட்கவரப்படுவதற்கு முன்பே வெளியேறுகிறது; சில பூனைகளில் கொழுப்பும் மலத்தோடு கழிகிறது. அவசரமாக மிகுதியாக உண்பதால் வாந்தியும் நேர்கிறது. நன்றாக உண்டும் மெலிந்து, வாந்தியும் கழிச்சலுமாக நிற்கும் முதிய பூனையைக் காண்பவர் குடல்நோயையோ முதுமையையோ எண்ணுவது இயல்பு. கழுத்தைத் தொட்டுப் பார்க்கும் எண்ணம் எளிதில் எழாது.

இறந்த பூனைகளின் தைராய்டில் கட்டிகள் இருப்பதை 1964இலேயே பிரிட்டனில் வெளிவந்த ஓர் ஆய்வு பதிவுசெய்திருந்தது. அவற்றை உயிருள்ள விலங்கின் அறிகுறிகளோடு இணைக்க, இரத்தத்தில் ஹார்மோனை அளக்கும் முறை வேண்டியிருந்தது. 1970களில் பரவிய கதிரியக்க நோயெதிர்ப்பு அளவீடு அதற்கு வழிசெய்தது.

எனினும், பார்வை கூர்மையடைந்ததே முழுக் காரணம் என்று முடித்துவிட இயலாது. 1980களுக்குப் பிறகு நோயாளிப் பூனைகளின் தொகை பெரிதும் உயர்ந்தது. டப்பாவில் அடைத்த உணவு, வீட்டுப் பொருள்களில் கலக்கப்பட்ட தீத்தடுப்பு வேதிப்பொருள்கள் ஆகியவற்றின் மீது ஆய்வாளரின் ஐயம் திரும்பியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வாளர்கள் 2007இல் அவ்வேதிப்பொருள்களைப் பூனைகளின் குருதியில் கண்டனர். ஆயினும் அவையே காரணம் என்பது இன்றும் நிறுவப்படவில்லை.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. கதிரியக்க அயோடின் பெரும்பாலான பூனைகளைக் குணப்படுத்தும். மெத்திமசோல் மாத்திரை நோயைக் கட்டுப்படுத்தும். ஆனால் அம்மாத்திரையே சில பூனைகளுக்கு வாந்தியை உண்டாக்குகிறது. நோயை மறைத்த அதே அறிகுறி, சிகிச்சையின்போதும் மருத்துவரைக் குழப்புகிறது. எனவே முதிய பூனையின் வயிற்றுக் கோளாறு என்று எழுதப்பட்ட பழைய குறிப்புகளை, கழுத்தையும் நினைவில் கொண்டே வரலாற்றாய்வாளர் வாசிக்க வேண்டும்.