மடியிலிருந்து தோளுக்கு: கற்பிட்டிக் கரையில் ஆண்களின் பையும் அதன் மதிப்பும்

புத்தளம் மாவட்டத்தில் கற்பிட்டிக்கு வடக்கே, ஒருபுறம் பெருங்கடலும் மறுபுறம் களப்பும் சூழ நீண்டு கிடக்கிறது உச்சமுனை. கடற்றொழிலை நம்பி வாழும் இந்த மணற்பகுதிக்குப் படகில்தான் போய்வர வேண்டும். அரிசி, மருந்து, வலைநூல், அடையாள அட்டை என எதுவானாலும் ஒரு பையில் ஏறித்தான் கரை சேர்கிறது. அந்தப் பையைச் சுமப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். ஆயினும் நகரத்துக் கடைத்தெருவில் ஓர் இளைஞன் தோளில் சிறு பை மாட்டி நடந்தால் “பொம்பிளைப் பை” என்று கேலி எழுகிறது. ஆண் தோள்பை மாட்டுவது நம் மரபுக்கு ஒவ்வாதது, அண்மையில் வெளியிலிருந்து வந்த பழக்கம் என்ற எண்ணமே இந்தக் கேலிக்கு அடிப்படை. சான்றுகள் இதற்கு நேர்மாறாக இருக்கின்றன. தமிழ் பேசும் ஆண்கள் மிக நீண்ட காலமாகத் தோளில் பை சுமந்தவர்கள். அதன் மீது இருந்த கூச்சமும் பழையதுதான், ஆனால் அது ஆண், பெண் வேறுபாட்டில் பிறந்ததன்று. யார் சுமப்பவர், யார் சுமக்கப்படுபவர் என்ற தர வேறுபாட்டில் பிறந்தது. பெண்மை என்ற பொருள் அதன் மேல் ஏறியது மிகப் பிற்காலத்தில். இந்தக் கட்டுரை நிறுவ முயல்வது இதையே.

வேட்டிக்கும் சாரத்துக்கும் பொக்கட் கிடையாது. ஆகவே ஆணின் பொருள் தங்கும் இடம் இடுப்பாக இருந்தது. காசு மடியில் முடியப்பட்டது. பாக்கும் வெற்றிலையும் ஓலையால் இழைத்த கொட்டைப்பெட்டியில் அடங்கி இடுப்பில் செருகப்பட்டன. வணிகம் செய்த முஸ்லிம் ஆண்கள் சாரத்துக்கு மேல் கட்டும் அகன்ற பச்சை வாரில் பணத்துக்கென்றே அறைகள் உண்டு. மடியில் வைத்த பொருள் உடம்போடு ஒட்டியிருக்கும், பிறர் கண்ணுக்குப் படாது. வீடும் வளவும் உள்ளவன் வெளியே எடுத்துச் செல்ல வேண்டியது மிகக் குறைவு என்பதையும் அந்த மடி சொல்லாமல் சொல்லியது. இடுப்பில் அடங்காத அளவுக்குப் பொருளை உடன் கொண்டுபோக வேண்டியவன் வீட்டை விட்டு நெடுந்தூரம் போகிறவன், அல்லது வீடே இல்லாதவன். மடிக்கும் தோள்பைக்கும் இடையிலான பழைய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. ஒன்று இல்லறத்தானுக்கு உரியது, மற்றது வழிநடப்பவனுக்கு உரியது.

வழிநடப்பவர்களின் பை சங்க இலக்கியத்திலேயே தெளிவாகத் தெரிகிறது. மலைபடுகடாம் காட்டும் கூத்தர் தம் இசைக்கருவிகளைப் பைகளில் இட்டுக் கட்டி, காவுதடியின் இருபுறமும் எடை ஒத்திருக்கத் தொங்கவிட்டு, மலைவழியில் நடக்கிறார்கள். புறநானூற்றின் 206ஆம் பாடலில், வாயிலில் காக்க வைக்கப்பட்ட ஔவையார் தம் கருவிப் பையையும் காவுதடியையும் எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் புறப்படத் தயாராகிறார். பையைத் தூக்கிக்கொண்டால் எந்தத் திசையிலும் சோறு உண்டு என்ற பெருமிதம் அந்தப் பாடலில் இருக்கிறது. கூத்தரும் சுமந்தனர், ஔவையாரும் சுமந்தார். பை அங்கே தொழிலுக்கும் நடைக்கும் அடையாளமாக நின்றது. பின்னாளில் பாணர் மரபு நலிந்தபோது அந்தப் பை ஆண்டியின் பொக்கணமாகவும், வீடு வீடாக ரபான் தட்டிப் பாடிச் செல்லும் பாவாமாரின் தோள்பையாகவும் மிஞ்சியது. பெருமிதத்தின் இடத்தில் இரப்பு வந்து குந்திக்கொண்டது. தோள்பை மீதான முதல் இழிவு இந்த இரப்போடு வந்ததென்றே கொள்ள வேண்டும்.

இன்னொரு இழிவு அதிகாரத்தின் வழியாக வந்தது. 1344இல் இந்தக் கரையில் இறங்கிய அரபுப் பயணி இபுன் பதூதா, யாழ்ப்பாண மன்னரான ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்த பின் பாவா ஆதம் மலைக்கு (சிவனொளிபாத மலைக்கு) புறப்பட்டதை எழுதியிருக்கிறார். அவருக்கு ஒரு பல்லக்கும், வழி அறிந்த யோகிகள் 4 பேரும், பிராமணர் 3 பேரும், மன்னனின் ஆட்கள் 10 பேரும், உணவுப் பொருள் சுமக்க 15 பேரும் கொடுக்கப்பட்டனர். அந்த அணிவகுப்பே ஒரு தர வரிசை. மேலே இருப்பவன் கையை வீசிக்கொண்டு போவான் அல்லது பல்லக்கில் போவான், கீழே இருப்பவன் சுமப்பான். எனினும் அரசனுக்கு மிக அருகில் வந்ததும் இதே சுமை பதவியாக மாறிவிடுகிறது. மன்னரின் வெற்றிலைப் பையைச் சுமந்த அடைப்பைக்காரர் தென்னிந்திய அரசவைகளில் நம்பிக்கைக்குரிய அலுவலர். 12ஆம் நூற்றாண்டில் கன்னட வீரசைவத் தலைவர் பசவண்ணருக்கு வெற்றிலைப் பை ஏந்திய அப்பண்ணர், அப்பணியைக் குறிக்கும் ஹடபத என்ற அடைமொழியுடனேயே வசனக் கவிஞராகப் போற்றப்படுகிறார். விசயநகரத்தில் அச்சுதராயர் காலத்து ஹடபத பையப்ப நாயக்கர் படைத்தலைமை வரை உயர்ந்தார். கண்டி நாட்டின் பூவேலைப்பாடு நிறைந்த வெற்றிலைப் பைகளை ஆனந்த குமாரசாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் விரித்து ஆராய்ந்தார். பெருந்தலைவர்களின் பெரிய பைகளை ஏவலர் தோளில் தொங்கவிட்டுப் பின்னால் வந்தனர். இவற்றில் எதையும் அக்காலத்தார் பெண்களுக்குரிய பொருளாகக் கருதியதாகத் தெரியவில்லை. பையின் மதிப்பைத் தீர்மானித்தது அது யாருடைய பை என்பதுதான்.

கடற்கரைக்கு வந்தால் வாதம் இன்னும் வலுப்பெறுகிறது. களப்பில் வீச்சுவலை எறிபவருக்கு இரு கைகளும் வலைக்கே வேண்டும். எனவே பிடித்த மீனைப் போடும் பறியை உடம்போடு கட்டிக்கொள்கிறார். பனையோலையில் இழைத்த உமலும் பன்புல்லில் இழைத்த பையும் ஆண்கள் மீனும் காய்கறியும் வாங்கக் கொண்டுபோன பைகள். உள்ளூருக்கு மீன் கொண்டுசென்ற ஆண்கள் காவுதடியைத் தோளில் வைத்தார்கள். துடுப்பும் வலையும் பாய்மரமும் தோளில்தான் ஏறின. பெண்களோ கடகத்தைத் தலையிலும் குடத்தை இடுப்பிலும் வைத்தார்கள். சுமையில் ஆண், பெண் பிரிவு இருந்தது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிரிவில் தோள் ஆணின் பக்கம் இருந்தது. தோளில் தொங்கும் பை பெண்ணுக்குரியது என்ற இன்றைய எண்ணத்தை இந்தக் கரையின் பழைய உழைப்புமுறை ஓரிடத்திலும் தாங்கி நிற்கவில்லை.

அப்படியானால் மாற்றம் எங்கே நிகழ்ந்தது? ஐரோப்பாவின் கதையை இங்கே கொஞ்சம் பார்க்க வேண்டும். இடைக்கால ஐரோப்பிய ஆண்களும் பணப்பையை அரைக்கச்சையில் தொங்கவிட்டார்கள். ஸ்கொட்லாந்து ஆண்கள் பொக்கட் இல்லாத தங்கள் பாவாடைக்கு முன்னால் தோற்பை கட்டுவது இன்றும் தொடர்கிறது. பின்னர் ஆணின் சட்டையிலும் காற்சட்டையிலும் பொக்கட் நிலைபெற்றது. பெண்கள் பாவாடைக்குள் தனியாகக் கட்டிய பொக்கட்டோ 1790களில் மெல்லிய உடைகள் வந்ததும் இடம் இழந்தது. அதற்கு ஈடாகக் கைப்பை வந்தது. தையற்காரர் எடுத்த ஒரு முடிவு இரண்டு தலைமுறைக்குள் பாலின இயல்பாகிவிட்டது. காலனிய ஆட்சியோடு இலங்கைக்கு வந்த சேட்டும் காற்சட்டையும் இந்தப் பாகுபாட்டையும் கூடவே கொண்டுவந்தன. ஆனால் அது உடனே இங்கே வேர்விடவில்லை. தபாற்காரரின் பை, பஸ் நடத்துநரின் தோற்பை, கணக்கப்பிள்ளையின் காகிதப் பை எல்லாம் ஆண் தோள்களிலேயே இருந்தன, மரியாதையோடும் இருந்தன. அரசின் முத்திரை பட்ட பை ஆண்டியின் பையைப் போன்றதன்று என்பதை ஊர் உடனே புரிந்துகொண்டது.

இரப்பவரின் பைக்கு மதிப்பை மீட்டுத் தந்தது தேசிய இயக்கம். காந்தி 1927 நவம்பரில் கதர் நிதி திரட்ட இலங்கை வந்தார். யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரஸ் அவரை வரவேற்றது. வறுமையை விரும்பி ஏற்பது பெருமை என்ற அவரது அரசியலில், பிச்சைப் பையின் வடிவம் கொண்ட கதர்ப் பை தொண்டரின் அடையாளமானது. 1951இல் காந்தியவாதி வினோபா பாவே தொடங்கிய பூமிதான நடைப்பயணங்கள் அந்த அடையாளத்தை இன்னும் பரப்பின. தமிழ்நாட்டில் அதுவே ஜோல்னாப் பையாக எழுத்தாளர், இடதுசாரித் தோழர், சிற்றிதழாளர் ஆகியோரின் தோளுக்கு வந்தது. இலங்கையில் எழுத்தாளர் டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய ‘மல்லிகை’ இதழைத் தாமே சுமந்து, தெருத்தெருவாக நடந்து விற்றார். தன் சுமையைத் தானே சுமப்பது தாழ்வு என்ற பழைய தர வரிசைக்கு இதைவிட நேரடியான மறுப்பு வேறில்லை. ஜோல்னாப் பைக்காரரைத் திரைப்படங்களும் பத்திரிகைச் சித்திரங்களும் கேலி செய்தன என்பது உண்மை. அந்தக் கேலியைக் கவனித்துப் பாருங்கள். காசில்லாதவன், வேலையில்லாதவன், கனவு காண்பவன் என்றே அது சொன்னது. பெண்மை கொண்டவன் என்று சொல்லவில்லை. 1970களிலும்கூடத் தோள்பையின் இழிவு வறுமையையே சுற்றி வந்தது என்பதற்கு இது போதிய சான்று.

பாலினச் சாயல் ஏறியது அதற்குப் பின்னர்தான் என்பது என் முடிவு. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தபின் இலங்கைச் சந்தையில் ஆயத்த ஆடைகளும் பெண்களுக்கான அலங்காரக் கைப்பைகளும் பெருகின. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள் வழியாகவும் அவை கிராமம் வரை வந்தன. நீளக்காற்சட்டை இளைஞர்களின் அன்றாட உடையானது. ஆணுக்கு நான்கு பொக்கட், பெண்ணுக்கு ஒரு கைப்பை என்ற ஐரோப்பியப் பாகுபாடு அப்போதுதான் இங்கே முழு உருவம் பெற்றது. அதே ஐரோப்பிய மரபின் மறுமுனையான அமெரிக்காவில் 1998, 1999 ஆண்டுகளின் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்கள் ஆணின் கைப்பையை வைத்துச் சிரிப்பு மூட்டின. நம் கடைத்தெருக் கேலி பாட்டன் விட்டுச் சென்றதன்று, இதே கடையில் வாங்கிய சரக்கு.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். தபாற்பையும் பறியும் தொழிற்கருவிகள், சொந்தப் பொருள் வைக்கும் பையோடு அவற்றை ஒப்பிடுவது தவறு என்பார்கள். மறுப்பு நியாயமானது. அதற்கு விடை இந்தக் கரையின் முஸ்லிம்களின் வாழ்விலேயே கிடைக்கிறது. ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போகும் ஆண் இஹ்ராம் என்ற புனித நிலையில் தைத்த ஆடை அணிவதில்லை. இரண்டு துண்டுத் துணிக்குப் பொக்கட் ஏது? பணத்தைப் பாதுகாக்க இடுப்பில் பை கட்டிக்கொள்வதை மார்க்க அறிஞர்கள் தொன்றுதொட்டு அனுமதித்திருக்கிறார்கள். இன்று கடவுச்சீட்டு, பணம், மருந்து, கைத்தொலைபேசி அனைத்தும் இடுப்புப் பையிலோ குறுக்காகத் தொங்கும் சிறு தோள்பையிலோதான் இருக்கின்றன. அந்தப் பையில் இருப்பது முழுக்க முழுக்கச் சொந்தப் பொருள். சபரிமலைக்கு மாலையிட்டுச் செல்லும் ஆண்களின் தோள்பையும் அப்படியே. பொக்கட் நீங்கினால் பை வருகிறது, கூச்சம் அங்கே எழுவதே இல்லை. ஆணின் இயல்புக்குப் பை ஒவ்வாது என்பது உண்மையானால் வாழ்வின் மிகப் புனிதமான பயணத்தில் அது முதலில் கைவிடப்பட்டிருக்க வேண்டும்.

இலங்கையில் மட்டும் இந்த வரலாற்றுக்கு இன்னொரு கிளை உண்டு, அதைக் கனத்த மனத்தோடுதான் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில், மன்னார்ப் பகுதியைச் சேர்ந்த பலர் கடல் வழியாகக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். ஆண், பெண், குழந்தை என்ற பேதமில்லாமல் கையிலும் தோளிலும் இருந்த பைதான் அவர்களது மிச்ச உடைமை. வழிநடப்பவனின் பை அகதியின் பையானது. போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் பையோடு வரும் தமிழ் இளைஞன் ஐயத்துக்குரியவனாக நிறுத்தப்பட்டான். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களில் குண்டுகள் முதுகுப்பைகளில் வந்தன. அதன் பின் தேவாலயங்கள் பைகளைக் கொண்டுவர வேண்டாம் என்றன, மாணவர்கள் உள்ளே இருப்பது தெரியும் பைகளோடு பள்ளிக்குப் போனார்கள். அந்த மாதங்களில் தோளில் பையோடு வந்த ஆண் அச்சத்தின் உருவமாகப் பார்க்கப்பட்டான். ஒரே பொருள் ஒரு தெருவில் பெண்மையென்றும் இன்னொரு தெருவில் பேராபத்தென்றும் படிக்கப்படுகிறது என்றால், பொருள் பையில் இல்லை, பார்ப்பவரின் காலத்தில் இருக்கிறது.

இன்று பட்டத்தின் இழுப்பில் நீரில் சறுக்கும் விளையாட்டுக்காகக் கற்பிட்டிக்கு வரும் வெளிநாட்டு ஆண்களும், அவர்களுக்குப் படகோட்டும் உள்ளூர் இளைஞர்களும் நீர்புகாப் பைகளைத் தோளில் மாட்டுகிறார்கள். கைத்தொலைபேசி உப்புநீரில் நனையக் கூடாது என்ற தேவை கேலியை வென்றுவிட்டது. ஆனால் புதிய பை வரும் வேகத்தில் பழையவை மறைகின்றன. உமலின் இடத்தைச் சொப்பிங் பை பிடித்துவிட்டது. பச்சை வாரும் கொட்டைப்பெட்டியும் முதியவர்களிடம் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இலேயே இலங்கைக்கு ஒரு விவர அகராதி எழுதி இந்தக் கரையின் மனிதரைப் பதிவு செய்தார். அவரது ஊரில் ஆண்கள் எதை எதில் வைத்து எப்படிச் சுமந்தார்கள் என்ற பதிவு இன்னும் எழுதப்படவேண்டியிருக்கிறது. புத்தளத்துப் பாடசாலைகளும் பல்கலைக்கழக மாணவர்களும் இந்தப் பைகளை, அவற்றை இழைக்கத் தெரிந்த கைகள் இருக்கும்போதே, சேகரித்து அளந்து பெயரிட்டு வைக்க வேண்டும்.