796 சிசியின் நெடுவழி

அன்றைய ஜப்பானியச் சிறுகார் விதிப்படி எஞ்சின் 550 சிசியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் சலுகைகள் போய்விடும். அதனால் வெளிநாட்டுக்கு அனுப்பும் சின்னக் கார்களுக்கென்று சுசுகி 796 சிசியில் வேறொரு எஞ்சினை வைத்திருந்தது. எஃப்8பி என்ற அந்த எஞ்சின்தான் 1983 டிசம்பரில் மாருதி 800-க்குள் அமர்ந்து நம் சாலைக்கு வந்தது. மூன்று சிலிண்டர், ஆறு வால்வு, 39 குதிரைத்திறன்.

அம்பாசடரும் பத்மினியும் பார்த்துப் பழகிய மெக்கானிக்குகளுக்கு இது புது மாதிரி. கேம்ஷாஃப்ட் மேலே, ஹெட்டிலேயே இருந்தது. தள்ளுகம்பிகள் கிடையாது, பெல்ட்தான் அதைச் சுழற்றியது. அதனால் தயங்காமல் வேகம் பிடித்தது, 5500 சுற்றில்தான் முழு வலுவையும் காட்டியது. சின்ன எஞ்சினிடம் வேலை வாங்க நினைப்பவனுக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டியதில்லை.

அந்தச் செய்தியை முழுதாகப் படித்தவர் கோவை லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் பிறந்த எஸ். கரிவரதன். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பந்தயம் ஓட்டியவர், கார்களைத் தன் கையாலேயே கட்டியவர். வசதியுள்ள சிலர் வெளிநாட்டிலிருந்து பந்தயக் கார்களைத் தருவித்து ஓட்டிய காலம் அது. கரி எதிர்த்திசையில் யோசித்தார். எந்த ஊர்க் கடையிலும் பாகம் கிடைக்கும் மாருதி எஞ்சினை எடுத்து, இரும்புக்குழாய்ச் சட்டத்தில் ஒற்றை இருக்கைக்குப் பின்னால் பொருத்தினார். 1980-களின் பிற்பகுதியில் பிறந்த அந்த வண்டிதான் ஃபார்முலா மாருதி.

எஞ்சினின் வலுவைக் கூட்டுவதென்றால் அடிப்படையில் காற்றுக் கணக்குதான். ஒவ்வொரு சுற்றிலும் சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று போகிறதோ, அதற்கேற்ற பெட்ரோலைத்தான் எரிக்க முடியும். ஆகவே ட்யூனிங் செய்பவர் முதலில் ஹெட்டைக் கழற்றி, காற்று நுழையும் வழியில் வார்ப்பு விட்டுவைத்த பிசிறையும் மேட்டையும் தேய்த்து வழவழப்பாக்குவார். பிறகு ஹெட்டின் அடிப்பக்கத்தை அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவினால், 8.7 மடங்காக இருந்த அழுத்தம் 9-ஐ எட்டும். அங்கே பேராசை கூடாது. அன்றைய பங்க் பெட்ரோலின் ஆக்டேன் குறைவு. அழுத்தம் மிகுந்தால், தீப்பொறி மூட்டிய சுடர் வந்து சேரும் முன்பே மீதிக் கலவை தானாகப் பற்றிக்கொண்டு பிஸ்டனைத் தட்டும். வால்வை இன்னும் கொஞ்சம் நேரம் திறந்துவைக்கும் கேம் போட்டால் மேல் சுற்றில் பறக்கும், ஆனால் கீழ்ச் சுற்றில் இழுவை செத்துவிடும். டவுனுக்குள் ஓட்ட அந்த வண்டி உதவாது. எதைக் கூட்டினாலும் வேறெங்கோ ஒன்றைக் கொடுத்தே ஆகவேண்டும்.

கரியின் பெரிய கெட்டிக்காரத்தனம் எஞ்சினுக்கு வெளியே இருந்தது என்பேன். மாருதி 800-இன் எடை ஏறத்தாழ 650 கிலோ. அதில் கூரை, கதவு, கண்ணாடி, பின்சீட்டு எல்லாம் போய் 200 கிலோ குறைந்தால், எஞ்சினைத் தொடாமலேயே அந்த 39 குதிரைத்திறன் 56 குதிரைத்திறன்போல் உந்தும். செலவு குறைந்தது, வண்டிகள் ஒரே மாதிரி இருந்ததால் ஓட்டுபவனின் கை பேசியது. 1990-இல் திறந்த இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் அந்த வண்டியில் தொடங்கிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார். சென்னையின் கருண் சந்தோக்கும் அதே படியில் ஏறியவர்தான். 1995-இல் வான்விபத்தில் இறந்துபோன கரி இதையெல்லாம் பார்க்கவில்லை. அது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

இந்த எஞ்சினின் பொறுமையைச் சோதித்த இன்னொரு களம் எங்கள் தர்மபுரி மாவட்டம். கடல்மட்டத்தையொட்டிய சோழவரத்துக்குச் சரியாக ஜெட், அதாவது பெட்ரோல் பாயும் அளவுத்துளை, போட்ட கார்புரேட்டரோடு ஒரு வண்டி சேலம் தாண்டி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். தொப்பூர் கணவாயில் ஏறத் தொடங்கினால், தர்மபுரி, கிருஷ்ணகிரி வழியாக ஓசூர் போய்ச் சேரும்போது சுமார் 900 மீட்டர் உயரம். நூறு மீட்டருக்கு ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு என்று காற்று மெலிந்துகொண்டே போகிறது. 39-இல் மூன்று குதிரைகளுக்கு மேல் வழியிலேயே இறங்கிவிடும். காற்று குறைந்ததைக் கார்புரேட்டர் சரிவர அறியாது. பெட்ரோல் மிகுந்து பிளக் கறுக்கும். அனுபவமுள்ளவர் பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்தே ஜெட்டை மாற்றுவார். நல்ல எஞ்சின் காபித்தூள் நிறத்தில் பதில் சொல்லும்.

ஓசூர் 2004 வரை தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. டிவிஎஸ் 1982-இல் தொடங்கிய பந்தய அணி அந்த ஊரில் வளர்ந்தது. ஆனால் அது இருசக்கர வண்டிகளின் கதை. நம் மூன்று சிலிண்டர் இங்கே மாருதியின் ஆம்னி வேனுக்குள் புகுந்து பாலக்கோட்டுத் தக்காளிக் கூடைகளைச் சுமந்தது, பென்னாகரம் வழியே ஒகேனக்கல்லுக்கு ஆட்களை ஏற்றிப்போனது. பந்தயத் தடத்தில் சில சுற்றோடு முடிகிற பாடு இங்கே ஆண்டுக்கணக்கில் நீண்டது. சுமை வண்டிக்குத் தேவை கீழ்ச் சுற்றில் இழுவை. பந்தயக் கேமை அதில் போட்டிருந்தால் முதல் ஏற்றத்திலேயே நின்றிருக்கும்.

பிறகு கார்புரேட்டர் போய், கணினி கட்டுப்படுத்தும் பெட்ரோல் பீச்சல் வந்தது. ஜெட் மாற்றிய கைகள் லேப்டாப்பைப் பிடித்தன. மாருதியே வால்வுகளை ஆறிலிருந்து பன்னிரண்டாக்கியது. கடைசியாக ஆல்டோ 800-இல் வந்த எஃப்8டியும் அதே 796 சிசிதான், ஆனால் 47 குதிரைத்திறன். சோழவரத்துக்காரர்கள் அரத்தோடு தேடியதை ஆலை, அதே கொள்ளளவில், புகை விதிகளுக்கும் உட்பட்டுத் தந்துவிட்டது. 2023-இல் ஆல்டோ 800 நின்றதோடு இந்த அளவு எஞ்சினும் மாருதியின் கார்களிலிருந்து விடைபெற்றது.

இன்று பழைய 800 வாங்கி வலுவேற்றக் கேட்டு வரும் பையன்களுக்கு இரண்டு விஷயம் சொல்லவேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் அதை உறுதிசெய்தது. பந்தய எஞ்சினின் இடம் மூடிய தடம், தொப்பூர் இறக்கம் அல்ல. அடுத்தது, தேய்ந்த எஞ்சினுக்குக் கேம் வாங்கும் முன் மூன்று சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அளந்து பாருங்கள். ஒன்று குறைந்திருந்தால் ரிங், வால்வு வேலையை முடியுங்கள். போன குதிரைகளில் பாதி அங்கேயே திரும்பிவிடும்.