தோட்டாவும் காரீயமும்: தஞ்சோங் மாலிம் வரலாற்றை முன்வைத்து

பேராக் மாநிலத்தின் தென்கோடியில் அமைந்த தஞ்சோங் மாலிம், 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகால வரலாற்றில் தனியிடம் பெறுகிறது. 1952 மார்ச் 25ஆம் நாள், சேதப்படுத்தப்பட்ட குடிநீர்க் குழாயைச் சீர்செய்யச் சென்ற குழுவினர் வழிமறித்துச் சுடப்பட்டனர்; துணை மாவட்ட அதிகாரி மைக்கேல் கோட்னர் உட்பட 12 பேர் மாண்டனர். உயர் ஆணையர் ஜெரால்டு டெம்ப்ளர் நாளொன்றுக்கு 22 மணிநேர ஊரடங்கை விதித்து, அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார். இவற்றை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஆயின், தோட்டா பாய்ந்தவரை எண்ணும் வரலாறு, அத்தோட்டாவைக் கையாள்வோர் உடலில் மெல்லச் சேரும் நஞ்சை எண்ணுவதில்லை. அந்நஞ்சு காரீயம் ஆகும்.

அக்காலத் தோட்டாக்களின் உள்ளீடு பெரும்பாலும் காரீயமே. தீமூட்டும் கலவைகள் பலவற்றிலும் காரீயச் சேர்மம் உண்டு. சுடும்போது எழும் புகையும் நுண்தூளும் மூச்சின் வழியாகவும், கழுவாத கையிலிருந்து உணவின் வழியாகவும் உடலுள் புகுகின்றன. குண்டு வார்ப்போருக்கு, 327 பாகை செல்சியசில் உருகும் காரீயத்தின்மேல் படியும் கசடுத்தூள் பெருந்தீங்காகும். உடையில் ஒட்டிய தூள் வீடு சேர்ந்து குழந்தைகளின் மூளை வளர்ச்சியையும் பாதிக்கும்.

இவ்வறிவு புதியதன்று. பிரிட்டனில் தொழிற்சாலைக் காரீய நச்சு 1895 முதல் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோயாயிற்று. 1898இல் தொழிற்சாலைகளின் முதல் மருத்துவ ஆய்வாளராக அமர்ந்த தாமஸ் லெக், தொழிலாளியின் கவனத்தை மட்டும் நம்பாது, தூளையும் புகையையும் எழுமிடத்திலேயே அகற்ற வேண்டுமென வலியுறுத்தினார். மலேசியாவிலும் 1984இல் தொழிற்சாலைகளுக்கான காரீய விதிமுறைகள் வகுக்கப்பட்டன. துப்பாக்கிப் பயிற்சிக்கூடத்திற்கும் இந்நெறியே பொருந்தும்: காற்றோட்டம் முதன்மையானது, தரையை உலர்வாகப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தல், அங்கு உண்ணாமையும் புகைக்காமையும், சோப்பிட்டுக் கைகழுவுதல், உடையையும் காலணியையும் மாற்றிய பின்னரே வீடு செல்லுதல், குருதியில் காரீய அளவைச் சோதித்தல் என்பன அதனைத் தொடர்வன.

ஈண்டுத் தமிழாசிரியர்க்கும் ஒரு கடமை உண்டு. பேராக்கில் 'ஈயம்' என்றவுடன் நினைவுக்கு வருவது கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் தந்த வெள்ளீயமே. அதே பொதுச்சொல்லால் காரீயத்தையும் சுட்டினால் எச்சரிக்கை தன் பொருளை இழந்துவிடும். 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி எழுந்த இந்நகரின் வரலாற்றைக் கற்பிக்கும்போது, வெள்ளீயம், காரீயம் என்னும் வேறுபாட்டையும் உடன் கற்பித்தல் வேண்டும் என்பது நம் கருத்து.