கதவும் காவலும்

லண்டன் மாநகரில் பிக்கடில்லி வீதி 124-ம் எண் கடையின் ஜன்னலில் ஒரு பூட்டு அரை நூற்றாண்டுக்கு மேல் காட்சிக்கு இருந்தது. பார்வைக்கு உள்ளங்கை அகலமுள்ள தொங்கு பூட்டுதான். ஆனால் அதனுடன் இருந்த அறிவிப்பு, வழியோடு போகிறவர்களை எல்லாம் நின்று பார்க்க வைத்தது. சாவியில்லாமல் இதைத் திறக்கும் கருவியைச் செய்து கொண்டு வருபவனுக்கு 200 கினி உடனே கொடுக்கப்படும் என்பது அதன் சாரம். அந்நாளில் 200 கினி என்பது ஒரு குடும்பம் கௌரவமாக வருஷக் கணக்கில் காலந்தள்ளப் போதுமான பணம்.

பூட்டைக் கண்டுபிடித்தவர் ஜோசப் பிராமா. யார்க்‌ஷயர் குடியானவர் ஒருவரின் மகன்; தச்சு வேலை பழகியவர். 1784-ல் இந்தப் பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். ஜன்னலில் இருந்த பூட்டுக்குள் 18 தகடுகள். ஒவ்வொன்றையும் ஒவ்வோர் அளவுக்குத் தள்ளினால்தான் பூட்டு திறக்கும். இவற்றை மாற்றி மாற்றி அமைக்க 47 கோடி வழிகள் உண்டு என்று கணக்குப் போட்டிருந்தார்கள். பிராமா 1814-ல் காலமானார். பூட்டு மட்டும் ஜன்னலிலேயே இருந்தது.

அதற்குப் போட்டியாக இன்னொரு பூட்டும் கிளம்பிற்று. 1817-ல் போர்ட்ஸ்மத் கப்பல் துறையில் கள்ளச் சாவி போட்டு யாரோ திருடிவிட்டார்கள். சர்க்கார் விழித்துக்கொண்டு, சொந்தச் சாவியைத் தவிர வேறு எதற்கும் மசியாத பூட்டு செய்பவருக்குப் பரிசு என்று அறிவித்தது. ஜெரமையா சப் என்பவர் 1818-ல் ஒரு பூட்டு செய்தார். யாராவது கள்ளத்தனமாகக் கை வைத்தால், உள்ளிருக்கும் ஒரு நெம்புகோல் மாட்டிக்கொண்டு பூட்டு அப்படியே முடங்கிவிடும். சொந்தக்காரர் வந்து சாவியைப் போட்டதும், "ஓகோ, இங்கே எவனோ கை வைத்திருக்கிறான்!" என்று தெரிந்து கொள்ளலாம். பூட்டே துப்பறியும் வேலையையும் பார்த்தது. சிறைக் கப்பலில் இருந்த கைதி ஒருவன், பூட்டுத் தொழில் தெரிந்தவன். திறந்துவிட்டால் உனக்கு விடுதலை என்று அவனிடம் இந்தப் பூட்டைக் கொடுத்தார்கள். மாதக் கணக்கில் மல்லாடிவிட்டு, என்னால் ஆகாது என்று கையை விரித்துவிட்டான். விடுதலைக்காகப் பாடுபட்டவனே தோற்றுப் போனான் என்றால் வேறு சான்று என்ன வேண்டும்?

ஆக, 1851 வரையில் இங்கிலீஷ்காரர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். அந்த வருஷம் ஹைட் பார்க்கில் கண்ணாடி மாளிகை கட்டி, உலகக் கைத்தொழில் கண்காட்சி நடத்தினார்கள். அமெரிக்காவிலிருந்து ஒரு பூட்டுக் கம்பெனியின் ஆளாக ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்பவர் வந்து சேர்ந்தார். தம்முடைய பூட்டை விற்பதற்கு முன், அங்கே பேர் போன பூட்டுகளைத் திறந்து காட்டிவிடுவது என்று அவர் முடிவு செய்துகொண்டார். ஜூலை மாதத்தில் வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு வீட்டின் பாதுகாப்பு அறைக் கதவில் இருந்த சப் பூட்டைச் சாட்சிகளின் முன்னிலையில் 25 நிமிஷத்தில் திறந்தார். ஏழு நிமிஷத்தில் பழையபடி பூட்டியும் வைத்தார். கள்ளனைக் காட்டிக் கொடுப்பதற்கென்று வைத்த நெம்புகோல் எந்த இடத்தில் மாட்டுகிறது என்பதையே அவர் அளவுகோலாக வைத்துக்கொண்டார். காவல்காரனையே வழிகாட்டியாக்கிக் கொண்ட சாமர்த்தியம் அது.

பிறகு பிக்கடில்லிப் பூட்டு. இதற்கு நாள் பிடித்தது. 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்து அதையும் திறந்துவிட்டார். பிராமா கம்பெனியார் முணுமுணுத்தார்கள். எந்தத் திருடனுக்கு இத்தனை நாள் ஓர் அறையில் தனியே உட்கார்ந்து வேலை செய்ய வாய்க்கும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் நடுவர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். 200 கினியும் கை மாறிற்று.

இந்த இடத்தில் எழுந்த சர்ச்சைதான் என் மனத்தைக் கவர்கிறது. பூட்டின் குறையைப் பகிரங்கமாகச் சொல்லலாமா, அது திருடனுக்குப் பாடம் நடத்துவது ஆகாதா என்று பெரிய மனிதர்கள் பலர் வருத்தப்பட்டார்கள். ஹாப்ஸின் கட்சி வேறு. திருடர்கள் தங்கள் தொழிலில் கெட்டிக்காரர்கள். நாம் சொல்லித்தான் அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. பூட்டின் குறை தெரியாமல் இருப்பவர் அதைக் காசு கொடுத்து வாங்கினவர் ஒருவர்தான் என்றார். இந்த வாதம் 1853-ல் புத்தகமாகவும் வெளிவந்தது. நூற்றெழுபது வருஷம் ஆன பிறகும் இதற்கு நல்ல பதில் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

ஹாப்ஸ் விற்க வந்த அமெரிக்கப் பூட்டையும் சில வருஷங்களில் ஒருவர் திறந்துவிட்டார். அவர் லைனஸ் யேல் என்ற இளையவர். 1861-லும் 1865-லும் அவர் காப்புரிமை பெற்ற சிறு பூட்டுதான், தட்டையான சாவியும் அதன் விளிம்பில் பல் பல்லாக வெட்டுமாக, இன்று உலகமெங்கும் வீட்டுக் கதவுகளில் இருக்கிறது. அதன் உள்ளமைப்பு புதிதல்ல. எகிப்திலும் மேற்கு ஆசியாவிலும் பழங்காலத்து மரப் பூட்டுகளில் முளைகள் மேலிருந்து விழுந்து தாழைப் பிடித்துக்கொள்ளும். சாவி அவற்றைத் தூக்கிவிடும். அந்த யோசனையை யேல் பித்தளையில் சுருக்கி, சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும்படி செய்தார்.

இத்தனை மூளைகள் எண்பது வருஷம் உழைத்த பிறகு வீட்டுக்காரன் கவலை தீர்ந்ததா? இல்லை. பெரும்பாலான திருடர்கள் பூட்டைத் திறக்க மெனக்கெடுவதே கிடையாது. கதவை ஓங்கி உதைக்கிறார்கள்.

உதைத்தால் திறந்துகொள்ளுமா என்று நம்மவர்களுக்குச் சந்தேகம் வரலாம். நம் பழைய வீடுகளை வைத்துப் பார்த்தால் சந்தேகம் நியாயமே. நாம் வாசக்காலைக் கனமான மரத்தில் இழைத்து, நல்ல நாள் பார்த்து, மஞ்சள் குங்குமம் இட்டு நிறுத்தி, அதற்கு அப்புறம் அதைச் சுற்றிச் சுவர் எழுப்புகிறவர்கள். நெடுநல்வாடையில் வருகிற அரண்மனை வாயிலில் கதவுக்கு இரும்புக் கட்டு உண்டு, தாழ் உண்டு; அவற்றோடு கைதேர்ந்த தச்சன் இடைவெளி இல்லாமல் பொருத்திய நிலையும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. கதவின் பலம் நிலையில் இருக்கிறது என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்த சங்கதி.

அமெரிக்காவில் கதை வேறு. 1830-களில் சிக்காகோவில் வீடு கட்டும் முறையே மாறிற்று. பெரிய உத்தரங்களும் தூண்களும் போய், மெல்லிய மரச் சட்டங்களை ஆணி அடித்துச் சேர்த்து நாலைந்து ஆட்கள் விரைவாக வீட்டை எழுப்பினார்கள். ஊர்கள் காளான் போல் முளைத்தன. அந்த வீட்டில் கதவு நிற்பது முக்கால் அங்குலப் பலகையில். பலகைக்கும் பின்னால் உள்ள கட்டுச் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி. அதில் அங்கங்கே சிறு ஆப்புகள். பூட்டின் நாக்கு போய் நுழைகிற துளையைச் சுற்றி ஒரு சின்னத் தகடு. நம் பக்கத்தில் நாதாங்கி என்கிறோமே, அதன் வேலையைச் செய்வது அதுதான். அதைப் பிடித்திருப்பவை முக்கால் அங்குலத் திருகாணிகள் இரண்டு. யேல் சாஸ்திரம் முழுவதும் கடைசியில் இந்த இரண்டு திருகாணிகளின் தயவில் நிற்கிறது! கதவை உதைத்தால் பூட்டு உடைவதில்லை, பலகை பிளக்கிறது. முழுசாக இருக்கும் பூட்டோடு கதவு உள்ளே போய் விழுகிறது.

இங்கிலாந்திலும் இதே அனுபவம்தான். அங்கே நிலையின் மேல் நீளமான இரும்புப் பட்டை ஒன்றை அடித்தார்கள். பூட்டின் கூட்டைத் தழுவிக்கொள்ளும்படி நடுவில் வளைவு வைத்த பட்டைக்கு லண்டன் பட்டை என்றும், வளைவில்லாத நேர்ப் பட்டைக்குப் பர்மிங்ஹாம் பட்டை என்றும் பெயர். அமெரிக்காவில் இவற்றை ஒரு பெட்டிக்குள் தொகுத்து விற்கிறார்கள். நிலைக்கு ஏறக்குறைய நாலடி நீள எஃகுத் தகடு ஒன்று, கீல்களுக்குச் சிறு தகடுகள், கதவின் விளிம்பைக் கவ்வுகிற உறை ஒன்று, மூன்று அங்குலமோ அதற்கு மேலோ நீளமுள்ள திருகாணிகள்.

வேலை பெரிய வித்தையில்லை, பொறுமை வேண்டும். பழைய சிறு தகட்டைக் கழற்றிவிட்டு, நீளத் தகட்டை நிலையோடு வைத்துப் பூட்டின் நாக்கு எங்கே வருகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். முன்னதாகச் சிறு துளை போட்டுக்கொண்டால் மரம் பிளக்காது. திருகாணி பலகையைக் கடந்து, இடைவெளியையும் கடந்து, உள்ளிருக்கும் கட்டுச் சட்டத்தைப் போய்ப் பிடிக்க வேண்டும். சூட்சுமம் எல்லாம் இதில்தான். உதையின் வேகம் முன்பு இரண்டு அங்குல மரத்தின் மேல் விழுந்தது. இனி நாலடி நீளத்துக்குப் பரவி வீட்டின் எலும்புக்கே போய்விடும். ஆனால் ஆசைப்பட்டு இறுக்கிவிடக் கூடாது. இடைவெளியில் ஆப்பு இல்லாத இடத்தில் மிதமிஞ்சி முறுக்கினால் நிலை உள்வாங்கிக் கொள்ளும். கதவு சரியாக மூடாது. கீல் பக்கத்திலும் கீலுக்கு ஒரு திருகாணியாவது நீளமாக மாற்ற வேண்டும். பூட்டுக்காகத் துளைத்த இடத்தில் கதவே மெலிந்திருப்பதால், அங்கேதான் உறை. எல்லாம் முடிந்ததும், கதவை இழுக்காமல் தூக்காமல் பூட்டின் நாக்கு முழு நீளமும் போய் உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். பாதி நீட்டிய நாக்குக்கு எஃகு போட்டும் பயனில்லை.

சரி, கதவைக் கோட்டையாக்கியாயிற்று. கதை இங்கே முடிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் கதவின் சரித்திரத்தில் இன்னொரு பக்கம் இருக்கிறது. அதைப் படிக்க மனத்திடம் வேண்டும்.

1883 ஜூன் 16. இங்கிலாந்தின் சண்டர்லந்து நகரில் விக்டோரியா ஹாலில் குழந்தைகளுக்காக ஜாலவித்தைக் காட்சி. முடிவில் கீழே இருந்த பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கிறார்கள் என்றதும், மாடியில் இருந்த குழந்தைகள் நமக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்று படியிறங்கி ஓடினார்கள். படியின் அடியில் உட்புறமாகத் திறக்கும் கதவு. ஒவ்வொருவராக வரட்டும் என்று ஒரு குழந்தை நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து, தாழ் போட்டு நிறுத்தியிருந்தார்கள். முன்னால் இருந்தவர்கள் வெளியேற முடியவில்லை. பின்னால் வந்தவர்களுக்கு அது தெரியவில்லை. 183 குழந்தைகள் மூச்சு முட்டி இறந்தார்கள்.

1903 டிசம்பர் 30. சிக்காகோவில் இரோக்வா நாடக அரங்கம் தீப்பிடித்தது. சில கதவுகள் பூட்டியிருந்தன. சிலவற்றின் தாழ்ப்பாளை எப்படித் திறப்பதென்று புகையில் தவித்த ஜனங்களுக்குப் புரியவில்லை. 600 பேருக்கு மேல் மாண்டார்கள். அன்றைய காட்சிக்குப் போக இருந்து, வேலையினால் தவறவிட்டவர் கார்ல் பிரின்ஸ்லர் என்ற இரும்புச் சாமான் விற்பனைக்காரர். பிழைத்துவிட்டோம் என்று அவர் சும்மா இருக்கவில்லை. டுபாண்ட் என்ற நண்பரோடு சேர்ந்து, கதவின் குறுக்கே ஒரு கம்பியை அமைத்தார். வெளியிலிருந்து பார்த்தால் பூட்டிய கதவு. உள்ளிருந்து கூட்டம் மேலே சாய்ந்தாலே திறந்துகொள்ளும். 1908-ல் அது விற்பனைக்கு வந்தது. தயாரித்து விற்றது இண்டியானாபோலிஸின் வானகட் இரும்புச் சாமான் கடை. நாவலாசிரியர் குர்ட் வானகட்டின் கொள்ளுத்தாத்தா தொடங்கிய கடை அது.

கள்ளன் வெளியே நிற்க வேண்டும். வீட்டார் வெளியே வர வேண்டும். இரண்டும் ஒரே கதவின் கடமை. அதனால்தான் அமெரிக்க ஊர்கள் பலவற்றில், உள்பக்கமும் சாவி போட்டுத் திறக்க வேண்டிய பூட்டை வீட்டு வெளிவாசலில் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். கதவுக்கு எஃகு போடுகிறவர்கள், வெளியிலிருந்து தீயணைப்புக்காரர் உடைத்து வருவதும் கஷ்டமாகிவிடும் என்பதை மறக்கலாகாது.

நம் ஊரில் இந்த விஷயத்தை யாரும் பேசுவதில்லை. திண்டுக்கல் பூட்டுக்குப் பேர் உண்டு. 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மாங்காய்ப் பூட்டை உள்பக்கத்திலிருந்து இரும்புக் கிராதியில் மாட்டி, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறோம். வீட்டில் கிழவர் இருக்கிறார், குழந்தைகள் இருக்கிறார்கள். நடுராத்திரியில் மின்சாரம் அறுந்து அறையில் புகை மண்டினால், அந்தத் தலையணை எது, அந்தச் சாவி எது, துவாரம் எங்கே?

கிராதியைக் கழற்றிப் போடச் சொல்லவில்லை. திருடர் பயம் நிஜமான பயம். உள்பூட்டின் சாவியை வாசலருகே, வெளியிலிருந்து கைக்கு எட்டாத ஆனால் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஆணியில் மாட்டலாம். விளக்கை அணைத்துவிட்டு, எட்டு வயதுப் பிள்ளை அதை எடுத்துத் திறக்கிறதா என்று ஒரு நாள் பார்த்துவிடலாம். திறக்காவிட்டால் பூட்டையோ ஆணியையோ மாற்றத்தான் வேண்டும்.